நாலு வீட்டுச் சூப்பு

அந்த ஜன்னலோட மல்லுக்கட்டாத ஸ்வென்யா, அது திறக்காது. போன வருஷம் அமெரிக்காவுலேர்ந்து ஆறு பேரு உன்னை மாதிரியே தொண்டு செய்யணும்னு வந்து, சாத்தின ஜன்னல் மேலேயே பெயிண்ட் அடிச்சுட்டுப் போயிட்டாங்க. நல்ல பிள்ளைங்கதான். கிளம்புறப்ப அழுதாங்க. புழுக்கமா இருந்தா கதவைத் திறந்து வச்சுக்க.

உக்காரு, கேரட்டை நறுக்கிக்கிட்டே கேளு. பாஸ்டர் உனக்கு எழுதினதுல எங்க சபையில முப்பது பேருன்னு இருந்துச்சா? அது ஏட்டுல. ஞாயித்துக்கிழமை வர்றது ஒன்பது பேரு, ஆர்மோனியம் வாசிக்கிற என்னையும் சேத்து. பாஸ்டருக்கு நாலு ஊரு, அதனால ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் இங்க வருவாரு. மத்த வாரம் நாங்களே பாடி, நாங்களே ஜெபம் பண்ணி, காபி குடிச்சுட்டுக் கலைஞ்சு போவோம். பெரிய லூத்தரன் கோயில்காரங்க எங்களைப் பொட்டிக்கடைம்பாங்க. சும்மா கேலிக்குத்தான். யாராவது செத்தா அவங்கதான் வந்து பெட்டி தூக்குறாங்க, எங்ககிட்ட அத்தனை தோள் இல்ல.

உன் வேலை இதுதான். பதினொன்றரைக்கு சூப்பைத் தூக்குல ஊத்தி, சைக்கிள்ல மாட்டிக்கிட்டு, முடியாதவங்க இருக்குற நாலு வீட்டுக்குப் போகணும். முதல் வீடு மிஹால். ஒரு வாய் குடிச்சுட்டு, உப்பு இல்லைன்னு மூஞ்சியைச் சுளிப்பாரு. கண்டுக்காத, கிண்ணத்தை வழிச்சுக் குடிச்சுடுவாரு. ரெண்டாவது யூலா. காது கேக்காது, கொல்லைப் பக்கமா போகணும். வாத்து துரத்தும், ஓடாத, ஓடினாத்தான் கடிக்கும். மூணாவது எமீலியா டீச்சர். மகன் கனடாவுல இருக்கான். இன்னைக்கு வர்றானான்னு தினம் கேப்பாங்க. நீ இல்லைன்னு தலையை ஆட்டு, போதும். எங்க ஸ்லோவாக் பேச்சு தெரியாதது இந்த வேலைக்கு ஒருவிதத்துல நல்லதுதான்.

என் ஜெர்மனா? நல்லா இருக்கா? ரெண்டு வருஷமா சமைக்கிறப்ப போன்ல பாடம் கேட்டுக் கத்துக்கிட்டேன். ஆஸ்திரியாவுக்குப் போறதுக்குத்தான். இந்த ஊர்ப் பொம்பளைங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான் போயிட்டு வர்றாங்க. அங்க லின்ஸ் நகரத்துக்குப் பக்கத்துல ஒரு வயசானவரு. குளிப்பாட்டணும், ஊட்டணும், அப்பப்ப புரட்டிப் படுக்க வைக்கணும். மூணு வாரம் அங்க, மூணு வாரம் இங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டி. அதான் எல்லாத்தையும் இன்னைக்கே சொல்றேன்.

நீ ஜெர்மன் பேசுற ஊர்லேர்ந்து எங்க கிழவங்களைப் பாக்க வர்ற, நான் இங்கேர்ந்து உங்க பக்கத்துக் கிழவரைப் பாக்கப் போறேன். பாஸ்டர்கிட்ட சொன்னேன், சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். இல்ல, பயமெல்லாம் இல்ல. ஒண்ணுமே இல்ல. பெட்டி கட்டுறப்பகூட, யாரோ ஊருக்குப் போறாங்க, நான் கட்டிக் குடுக்குறேங்கிற மாதிரிதான் இருந்துச்சு.

நாலாவது வீடா? கோயிலுக்குப் பின்னாடி, பச்சைக் கதவு. உள்ள படுத்திருக்கிறவர் பேரு ஒந்த்ரே. இந்தக் கோயிலுக்குக் கூரை போட்டவரு. வாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. ஆனா காது கேக்கும், எல்லாம் புரியும். ஸ்பூனை இடது பக்கமாக் கொண்டு போ. முழுங்கினாரான்னு பாத்துட்டு அடுத்த வாய். தாடையில வழிஞ்சா உடனே துடைச்சுடு, இல்லைன்னா கூசிப்போயி வாயை மூடிக்குவாரு. காலையிலயும் சாயங்காலமும் பக்கத்து வீட்டு ஸ்லாவ்கா வந்து துணி மாத்தி, மத்ததெல்லாம் பாத்துக்குவா. மத்தியானம் மட்டும்தான் உன் பொறுப்பு.

ஆமா, என் வீட்டுக்காரர். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தோட்டத்துல மிளகாய்ச் செடிக்கு நடுவுலதான் விழுந்து கிடந்தாரு. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன், அடுப்பை அணைச்சேன், பீன்ஸை மூடி வச்சேன், அப்புறம் போயி அவர் பக்கத்துல உக்காந்தேன். அன்னைக்கு அழுகை வரலை. இன்னைக்கு வரைக்கும் வரலை. அவரோட சம்பளமும் நின்னுபோச்சு. அவர் மருந்துக்குத்தான் இப்ப இந்த வேலைக்குப் போறேன், வேற எதுக்கு.

நான் போறது சபையில எல்லாருக்கும் தெரியும். போன ஞாயித்துக்கிழமை எனக்காக ஜெபம்கூட பண்ணாங்க. அவருக்கு மட்டும் சொல்லலை. வேலை கிடைச்சதுலேர்ந்து ரெண்டு மாசமா, தினமும் சவரம் பண்ணி விடுறப்ப இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். கத்தி கழுத்துல இருக்கும். முடிச்சுட்டுச் சொல்லலாம்னு விடுவேன். முடிச்சதும் முகத்தைத் துடைப்பேன், அவர் என்னையே பாப்பாரு, நான் தண்ணியை எடுத்துக்கிட்டு வெளிய வந்துடுவேன்.

இந்தா, இந்தக் காகிதத்தைப் பத்திரமா வச்சுக்க. எங்க பாஷையில எழுதியிருக்கேன், எழுத்து உங்க எழுத்துதான். எங்க போறேன், எப்ப வருவேன், அவ்வளவுதான், மூணு வரி. உனக்கு அர்த்தம் புரியாது, அதனால கலங்காம படிச்சுடுவ. நாளைக்கு சூப்பு குடுத்து முடிச்சப்புறம் படி. முன்னாடியே படிச்சா சாப்பிட மாட்டாரு.

எங்க, ஒரு தடவை படிச்சுக் காட்டு. ம். இன்னும் மெதுவா. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்து.

அந்தச் சொல்லா? மல்வீனா. அது என் பேரு. அதை மட்டும் நல்லாக் கேக்குற மாதிரி சொல்லு.