எரியாத புண்

வேலை தேடி மரக்காணத்தில் புதுச்சேரி பஸ் ஏறினேன். முன் சீட்டில் உப்பளத்து வேலைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மாட்டு டாக்டர் என் காலப் பாத்துட்டு மாட்ட மறந்துட்டாரு,” என்றார் அவர்.

“பின்ன? குதிகால்ல கருஞ்சிவப்பா புண்ணு, தொட்டா ரத்தம். இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு சும்மாவா சொல்வாரு?”

“மாட்டுக்குப் பாக்கறவருக்கு மனுசன் காலு இன்னா தெரியும்? உப்பு கடிச்சதுடி. பாத்தியில நிக்கிற எல்லாருக்கும் இருக்குது.”

“அவங்களுக்கு உப்புத்தண்ணி பட்டா உயிர் போற மாதிரி எரியுது. உனக்கு எரியுதாய்யா?”

கூனிமேடு தாண்டியதும் அவர் குனிந்து தன் குதிகாலைப் பார்த்தார்.

“ரெண்டு மாசமா எரியல,” என்றார் பிறகு. “ஆறிட்டு வருதுன்னு நெனச்சிட்டேன்டி.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.