பின்கழுத்திலிருந்து தொடங்கிய பச்சை

நீங்கள் எழுதிய பட்டியலில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, மேடம். இறந்தவர் கழுத்திலிருந்து எடுத்தவை என்ற தலைப்புக்குக் கீழே இரண்டாவது வரியில், 'முத்தும் பச்சை நிறப் போலிக் கற்களும் கோர்த்த மாலை, ஒன்று' என்று இருக்கிறது. அவை போலி இல்லை. நல்ல டர்க்காய்ஸ் கற்கள். வாங்கியபோது நீலமாக இருந்தன, காலை வானத்தில் ஒரு சொட்டுப் பால் விட்ட மாதிரி. நேற்று ஸ்டேஷனில் கையெழுத்துப் போடும்போதே சொல்லியிருக்கலாம். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

அக்காவின் உடம்பில் விஷம் எதுவும் இல்லை, பெரிய நோயும் இல்லை, சாப்பிடாமல் மெலிந்த உடம்பில் சளிக்காய்ச்சல் வந்து போய்விட்டார் என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அக்காவைக் கட்டிக்கொள்ள இருந்த மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் கொடுத்த புகாரை மூடிவிடுவதாகவும் சொன்னீர்கள். அக்காவுக்கு நோய் இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி இல்லை. இந்த இரண்டு வருடமாக அதை நிச்சயமாகத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் நான்தான்.

நான் நகைக்கடையின் பின்னறையில் முத்து கோர்க்கிறேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்றுகூடச் சொல்லமாட்டேன். வந்த நாளிலும் வராத கணக்கில்தான் இருப்பேன். எட்டாம் வகுப்பில் அக்கா வந்து, "போதும்டி, நீ படிச்சுக் கிழிச்சது" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். அம்மா இறந்து அப்போது மூன்று வருடம். அக்கா சலவைக்கடையில் துணி வாங்கிப் போடும் இடத்தில் நின்றாள். அவள் பேச்சுக்காகவே அழுக்காகாத துணியைக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. எனக்கும் சேர்த்து அவளே பேசினாள். காய்கறிக்காரரிடம், டாக்டரிடம், பக்கத்து வீட்டில், எல்லா இடத்திலும். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாடி உனக்கு?" என்பாள். பிறகு முதலாளியிடம் அழைத்துப் போய், "இவளுக்கு முத்து வேலையே குடுங்க, பொருத்தமா இருக்கும்" என்று சேர்த்துவிட்டாள். பதினான்கு வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை கடினமானது இல்லை. பட்டு நூலை இரட்டையாக எடுத்து, நுனியில் கோந்து தடவிக் காயவைத்து, ஒரு முத்துக்கு ஒரு முடிச்சு. முடிச்சு போட்டால்தான் மாலை அறுந்தாலும் ஒரு முத்துக்கு மேல் உருளாது. சிறியது பின்கழுத்தில், போகப் போகப் பெரியது, எல்லாவற்றிலும் பெரியது நடுவில். பார்க்கிறவர் கண் எந்த இடத்தில் சிறியது பெரியதானது என்று கண்டுபிடிக்கக் கூடாது. அதில்தான் கை பேசும் என்பார் முதலாளி.

டர்க்காய்ஸ் கல் எண்ணெய் குடிக்கும். தலைக்கு வைக்கிற எண்ணெய், வியர்வை, வாசனைத் தைலம், எது பட்டாலும் உறிஞ்சிக்கொண்டு மெதுவாகப் பச்சையாகும். கடையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். வாங்குகிறவர்களுக்கு மட்டும் சொல்லமாட்டோம். கல் பச்சையாகிவிட்டது என்று யாராவது சண்டைக்கு வந்தால் முதலாளி கல்லைப் பார்க்கமாட்டார், அவர்கள் முகத்தைப் பார்ப்பார். "கல்லுல ஒண்ணும் இல்லம்மா. உங்க உடம்புல ஏதோ இருக்கு. கல்லு முன்கூட்டியே சொல்லுது. ஒரு டாக்டரைப் பாத்துடுங்க" என்பார். வந்தவர்கள் கல்லை மறந்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். அவர்கள் போனதும் நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் அம்மாவின் பழைய மாலையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். உங்கள் பட்டியலில் முதல் வரி அதுதான், கடைசி நாட்களில் அதையும் கழுத்தில் போட்டிருந்தாள். நான்கு சரம் அரிசி முத்து, நடுவில் தங்கப் பதக்கத்தில் ஐந்து டர்க்காய்ஸ். ஐந்தும் பாசி பிடித்த மாதிரி பச்சை.

"அம்மா படுத்த வருஷம்தான் இது பச்சையாச்சு. அப்பவே சொல்லியிருக்குடி. நமக்குத்தான் புரியல."

அம்மா தலையில் எண்ணெய் வழியவிட்டுப் பின்னிக்கொள்கிறவள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவளிடம் எண்ணெயைப் பற்றிப் பேசுவது நன்றாக இருக்காது. அப்போது என் மனதில் எந்த நினைப்பும் கிடையாது, மேடம். நெடுநாள் திட்டம் என்று எழுதிவிடாதீர்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் மைக்கறை பட்ட சட்டையோடு அக்காவிடம் வந்தவர். "இந்தக் கறை போகாது. வேணும்னா சட்டை முழுக்க மையை ஊத்திக் கொண்டு வாங்க, ஒரே கலராயிடும்" என்றாளாம். மறுவாரம் சுத்தமான சட்டையை வெளுக்கக் கொண்டு வந்தார். அக்கா அவருக்கு நாலுகண்ணர் என்று பெயர் வைத்தாள். அவளுக்கு முப்பத்தொன்பது, அவருக்கு நாற்பத்தைந்து. நல்ல மனிதர். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

கல்யாணம் நிச்சயமானதும், உங்கள் பட்டியலில் இரண்டாவது வரியான அந்தப் புது மாலையை அவர் எங்கள் கடையிலேயே செய்யச் சொன்னார். இப்போதைய மோஸ்தர். ஒன்றைப் போல் ஒன்று இல்லாத கோணல் முத்துகள், பட்டை தீட்டாமல் அப்படியே துளையிட்ட பதினோரு டர்க்காய்ஸ். "அக்காகிட்ட சொல்லிடாத, தங்கச்சி" என்றார். சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி. நானே கோர்த்தேன். முடிச்சு ஒவ்வொன்றும் கடுகளவு, ஒன்றுகூடக் கோணவில்லை. அக்கா அதைப் போட்டுக்கொண்டு அரை நாள் கண்ணாடி முன்னால் நின்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு என்னையும் அழைத்துப் போவதாகத்தான் பேச்சு. மாடியில் எனக்கென்று ஓர் அறை, ஜன்னலோரம் மேசை, முத்துப் பெட்டிகள் வைக்க அவரே அடித்த அலமாரி. அக்கா என்னை விட்டுவிட்டுப் போக இருந்தாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவள் மேல் பழி வரும்.

அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று மூன்று பேரும் அங்கேயே சாப்பிட்டோம். எனக்கு விக்கியது. நான் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன். எனக்கு என்ன வேண்டுமோ அதை நான் பார்ப்பேன், அக்கா எடுத்துக் கொடுப்பாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்று அக்கா அவர் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவர்தான் கவனித்துத் தண்ணீர் ஊற்றினார். நன்றி என்று தலையாட்டினேன். வீடு திரும்பும் வழியில், "நூல் கொஞ்சம் தளர்ந்திருக்குக்கா, குடு, மாத்தித் தர்றேன்" என்றேன்.

முதலில் கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கற்கள். சின்னக் கண்ணாடிப் புட்டியில் தலைக்கு வைக்கிற எண்ணெய், அதில் ஆறு நாள். துடைத்து, பழையபடி கோர்த்துக் கொடுத்தேன். பின்கழுத்தில் முடி மறைப்பதால் அக்கா பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி நூல் மாற்றினேன். இரண்டாவது ஜோடி நான்கு நாள் எண்ணெயில், முதல் ஜோடியை இன்னும் இரண்டு நாள். இருட்டுப் பச்சையிலிருந்து வெளிர் பச்சை, அங்கிருந்து நீலம். எந்த இடத்தில் நிறம் மாறியது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நான் செய்ததிலேயே நல்ல வேலை அது என்று இப்போதும் சொல்வேன்.

தலைவாரும்போது அக்கா பார்த்தாள். சீப்பைக் கீழே வைத்தாள். எண்ணெய் பட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்ற வழியில்லை. அம்மாவைப் போல எண்ணெய் வழிய நிற்கக் கூடாது என்று தலைக்கு எண்ணெய் வைப்பதையே விட்டிருந்தவள் அவள். கூந்தல் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் காரணம், கல்லுக்காக இல்லை.

மூன்றாவது ஜோடி பச்சையாவதற்குள் மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் இல்லை என்றார்கள். "ஒண்ணும் இல்லாமயா இவ்வளவு டெஸ்ட் எழுதுறாங்க? மறைக்கிறாங்கடி" என்றாள். பிறகு வயிறு வலிக்க ஆரம்பித்தது. வலி பொய் இல்லை, நான் பார்த்தேன், வியர்த்துப் போகும். சோறு இறங்கவில்லை. சலவைக்கடைக்கு லீவு சொன்னாள், பிறகு வேலையையே விட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் ஒருநாள் பூதக்கண்ணாடியோடு வந்து மாலையை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"எண்ணெய் ஏறின மாதிரி இருக்கே."

"கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுறவருக்குக் கல்லைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரிக்கப் பார்த்தாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவதான் தொழில்காரி. இவ சொல்லட்டும். எண்ணெயாடி?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் முகத்தில் ஓர் ஆசை இருந்தது. ஆமாம் என்று நான் சொன்னால் அப்படியே எழுந்து ஓடிவிடுவாள் போல.

"எண்ணெய் தானா இப்படி வரிசையா ஏறாதுக்கா" என்றேன்.

இது பொய் இல்லை, மேடம். யோசித்துப் பாருங்கள். தானாக ஏறாது.

அவர் அதற்குப் பிறகும் வந்தார். அக்காதான் கதவருகே நின்று, "உங்களைப் பாதியில விட்டுட்டுப் போறதுக்கு நான் ஏன் வரணும்? வேற நல்ல பொண்ணாப் பாருங்க, போங்க" என்று அனுப்பினாள். உள்ளே வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். நான் அவள் தலையைக் கோதினேன். அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அக்கா சாளரத்தைப் பார்த்தால் திறப்பேன், போர்வையைப் பார்த்தால் எடுத்துப் போர்த்துவேன். அவள் கேட்கவே வேண்டியதில்லை. கஞ்சியை ஊதி ஊதிக் கொடுப்பேன். வீட்டில் பேச்சே இல்லை. எங்கள் வீடு அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஆனால் ஐந்தாவது ஜோடிக்குப் பிறகு அவள் குளியலறையில் விழுந்தாள். தூக்கினேன். காகிதம் மாதிரி இருந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அதையும் எழுதுகிறேன், நான் கல் இல்லை. முதலாளியிடம் சொல்லி அதே போல நீலக் கற்கள் பத்து வாங்கி, துளை போட்டு, மாற்றிக் கோர்த்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். "பாருக்கா, சரியாயிடுச்சு."

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் கன்னத்தைத் தட்டினாள்.

"கல்லை மாத்திட்டியா, பைத்தியமே? என்னை ஏமாத்தணும்னு எப்பலேர்ந்து கத்துக்கிட்ட? பழசையே போடு. அது ஒண்ணாவது உண்மையைச் சொல்லும்."

திரும்பப் பச்சையையே கோர்த்தேன். நடுக்கல் மட்டும் இன்னும் நீலம். தினமும் காலையில் கண் விழித்ததும், "நடுக்கல்லு?" என்பாள். "நீலமாத்தான் இருக்குக்கா" என்பேன். அன்றைக்கு இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிடுவாள்.

போன மாதம் கண்ணாடிக்கடைக்காரர் மறுபடி வந்தார். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, மனதுக்கும் உடம்புக்கும் சேர்த்துப் பார்க்கிறவர்கள், மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும், தான் கூட இருப்பதாகச் சொன்னார். நான் அக்கா மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கழுத்தில் கையை வைத்து நடுக்கல்லைத் தொட்டாள்.

"இது இன்னும் மாறலையே. போய்த்தான் பாப்போமே. என்ன நாலுகண்ணரே?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்படி அழைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வண்டி வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

புதன்கிழமை மத்தியானம், கொக்கி பழுது என்று சொல்லி மாலையை வாங்கினேன். வெதுவெதுப்பான எண்ணெய் என்றால் அரை நாள் போதும். சாயங்காலம் அவள் கழுத்தில் நானே மாட்டி, கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். அழவில்லை. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். "அவருக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடு" என்றாள். போன் வந்தால் எப்போதும் அக்காதான் எடுத்துப் பேசுவாள். அன்று நானே பேசினேன், ஒரு வார்த்தை தடுமாறாமல், கோர்வையாக. அன்றிலிருந்து அவள் கஞ்சி குடிக்கவில்லை. எட்டாவது நாள் காய்ச்சல். பதினோராவது நாள் விடியும்போது போய்விட்டாள். அவள் கை என் கையில்தான் இருந்தது.

ஆகவே போலிக் கற்கள் என்பதை அடித்துவிட்டு, டர்க்காய்ஸ், பதினொன்று, நிறம் மாற்றப்பட்டவை, மாற்றியவள் தங்கை என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளே, கடைசியிலாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்ல நினைத்தேன், மேடம். சொன்னால் அவள் என்னை வெறுக்க வேண்டி வந்திருக்கும். என் அக்கா யாரையும் வெறுக்கத் தெரியாதவள். அந்தக் கஷ்டத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.