விழித்த பிறகு

"நேத்தும் மேஸ்திரிய கொன்னுட்டேன் மாமு."

திருவொற்றியூரிலிருந்து ஹார்பருக்குப் போகும் காலை பஸ். பேசியவர் எனக்கு முன் சீட்டில் இருந்தார். கப்பலில் மூட்டை தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் அவருடைய கூட்டாளி.

"கனாவுலதான?"

"கனாவுலதான். அவன் கீழ நிக்கிறான். விஞ்சுக்கு சைகை காட்டுறவன் நிறுத்துன்றான். நான் மூட்டைய வுட்டுட்டேன்."

"உன் தம்பி செத்த மாதிரியே."

"ஆமா. கயிறு நைஞ்சு கீதுன்னு தெரிஞ்சே தம்பிய கீழ நிக்க வெச்சவன் அந்த மேஸ்திரியாச்சே."

"நீ புத்தர் கோயில்ல எந்த உசுரையும் கொல்ல மாட்டேன்னு பஞ்சசீலம் எடுத்தவன். பிக்குவ கேக்கறதுதான?"

"கேட்டேன். கனாவுல கொன்னா குத்தம் இல்லன்னாரு."

"அப்புறம் ஏன்யா இப்டி பயந்துனு கீற?"

"முழிச்சதும் மனசு எப்டி கீதுன்னு பாருன்னாரு. மொத நாளு அழுதேன். ரெண்டாம் நாளு ஒண்ணும் தோணல."

"இன்னிக்கு?"

"சிரிச்சுகினே எழுந்தேன்னு பொண்டாட்டி சொல்றா."

பஸ் ஹார்பர் கேட்டில் நின்றது. எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். விஞ்ச்காரர் மட்டும் எழவில்லை.

"எழுந்திரு, நேரமாவுது."

"என் கைய கெட்டியா புட்ச்சிக்கோ மாமு. அதோ கேட்டாண்ட மேஸ்திரி நிக்கிறான்."