பாயில் போய்ப் படு

உங்கள் நாய் செருப்பைக் கடிப்பதாகச் சொன்னீர்கள். அடிக்காதீர்கள், சாகேப். அடித்தால் விட்டுவிடாது, நீங்கள் இல்லாத நேரம் பார்த்துக் கடிக்கும். செருப்பைவிட நல்லதாக ஒன்றைக் கொடுங்கள். செருப்பை விட்ட அந்த நொடியிலேயே கொடுக்க வேண்டும். தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. குழம்பிவிடும்.

நவ்சாரியில் எங்கள் தெருவில் எந்த வீட்டு நாய் அடங்காவிட்டாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் கத்துவதில்லை. கையில் பதாசா வைத்திருப்பேன். டீயில் தோய்த்துத் தின்கிறோமே, அந்தக் காய்ந்த பிஸ்கட். நகத்தளவு உடைத்தால் போதும்.

டிக்கி என் நாய். கறுப்பு. இரண்டு கண்ணுக்கும் மேலே பழுப்புப் புள்ளி. நாலு கண் நாய் என்போம். இறந்தவர் முகத்தை அப்படி ஒரு நாய் பார்த்த பிறகுதான் எங்கள் பார்சிகளில் மற்றச் சடங்குகள் நடக்கும். தெருவில் சாவு விழுந்தால் டிக்கியைக் கேட்டுத்தான் வருவார்கள். சில நாய்கள் மிரளும். டிக்கி உள்ளே வரும், நிற்கும், முகத்தைப் பார்க்கும், வெளியே போகும். நான் பழக்கியது.

நான் பழக்காத ஒன்றையும் அது செய்தது. நீங்கள் கேட்பது அதைப் பற்றித்தான்.

என் தம்பி மினோசருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டுக்கொள்வான். வீட்டில் அவனும் நானும்தான். மதியம் சாப்பிட்டுப் படுத்தால் சில நாள் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். இறங்கத் தொடங்கும்போதே டிக்கிக்குத் தெரியும். எங்கே படுத்திருந்தாலும் எழுந்து போய் அவன் கையைப் பிறாண்டும். விழிக்கும்வரை விடாது. உள்ளே போட்டிருக்கும் மெல்லிய வெள்ளைச் சட்டை, சுத்ரா, வியர்வையில் ஒட்டிக்கிடக்க, அவன் எழுந்து உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடிப்பான். அந்த வியர்வைக்கு ஒரு வாசனை உண்டு, நமக்குத் தெரியாது, நாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மினோ அதை வைத்து என்னைக் கிண்டல் செய்வான். "நீ வாத்தியார்தான்க்கா. ஆனா உன் மாணவி உனக்குத் தெரியாமலே டாக்டருக்குப் படிச்சிட்டா."

நானும் சிரிப்பேன்.

தலை முழுக்க நரைத்த பிறகு அவன் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவுசெய்தான். குல்நார், பம்பாயில் இருப்பவர், கணவனை இழந்தவர். நல்ல பெண். வரும்போதெல்லாம் எனக்கு மாவா கேக் கொண்டுவருவார். கல்யாணம் முடிந்ததும் மினோ பம்பாய் போவதாக ஏற்பாடு. வெண்டைக்காய் மேல் முட்டை ஊற்றிக் கொடுத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே மீதியையும் சொன்னான்.

"டிக்கியையும் கூட்டிட்டுப் போறேன். அது இல்லாம நான் தூங்கினா எந்திரிக்கவே மாட்டேன்னு குல்நார் பயப்படுறா. நீ வேற குட்டி எடுத்துக்க. உனக்கென்ன, ஒரே மாசத்துல கலெக்டர் ஆக்கிடுவே."

"சரிடா. முட்டை ஆறுது பாரு."

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு டிக்கி வேண்டியிருந்தது அந்த ஒரு பழக்கத்துக்காக. பழக்கம் போய்விட்டால் நாயைக் கொண்டுபோகக் காரணம் இல்லை. பழக்கத்தை எடுப்பது எனக்குத் தெரிந்த வேலை.

வியர்வையில் நனைந்த சுத்ராக்களைத் துவைக்கப் போடாமல் கண்ணாடி ஜாடியில் அடைத்து வைத்தேன். அவன் வெளியே போயிருக்கும்போது ஜாடியைத் திறப்பேன். டிக்கி துணியைப் பிறாண்டும். முனகும். என் முகத்தைப் பார்க்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அலுத்துப்போய்த் தன் பாயில் படுத்ததும் பதாசா கொடுப்பேன். வேறொன்றும் செய்யவில்லை. போகப் போக, ஜாடியைத் திறந்ததும் நேராகப் பாய்க்குப் போகத் தொடங்கியது. ஒரு அடி இல்லை, ஒரு அதட்டல் இல்லை.

"என் சுத்ரா ஒண்ணொண்ணாக் காணாமப் போகுதே," என்றான் மினோ. "தோபிக்கும் கல்யாணம் வருதோ?"

டிக்கி இனி எழுப்பாது என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்கள். சொல்வதாகத்தான் இருந்தேன். அவனாகவே தெரிந்துகொண்டால் மனத்தில் நன்றாகப் பதியும் என்று தோன்றியது.

அன்று குல்நார் மாலை வண்டியில் வருவதாக இருந்தது. மினோ ஊசி போட்டுக்கொண்டான். பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டான். அவள் வந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் படுத்தான். அப்போது நான் அடுப்படியில் இருந்ததாகச் சொன்னேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டீர்கள்.

குல்நார்தான் முதலில் அவனைத் தொட்டு எழுப்பப் பார்த்தவர். டாக்டர் வந்து, தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. குல்நார் மட்டும் அழாமல் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். "டிக்கி எழுப்பலையா, அக்கா? அது எப்படி எழுப்பாம இருக்கும்?"

குளிப்பாட்டி, வெள்ளை உடுத்திக் கிடத்தினார்கள். டிக்கியை உள்ளே கூட்டிவந்தார்கள். எப்போதும்போல் நின்று பார்த்துவிட்டுப் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். வாசலிலேயே மூக்கைத் தூக்கியது. குளிப்பாட்டிய பிறகும் ஏதோ மீதம் இருந்திருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த தன் பாய்க்கு நேராகப் போய்ப் படுத்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. வால் லேசாக ஆடியது.

வாயில்லா ஜீவனுக்கும் துக்கம் என்றார்கள் எல்லாரும். என் கை தானாகப் பைக்குள் போயிற்று. குனிந்து கொடுத்தேன்.

குல்நார் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு கேட்டார். "அது உங்ககிட்ட எதுக்குக் கூலி கேட்டுச்சு?"

அவர் வீடு முழுக்கத் தேடி ஜாடியைக் கண்டெடுத்து உங்களிடம் கொண்டுவந்தார். கெட்டிக்காரர். அவன் பம்பாயில் நன்றாகத்தான் இருந்திருப்பான்.

அடுப்படி என்று எழுதியதை அடித்துவிடுங்கள், சாகேப். நான் அந்த அறையில்தான் இருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் கல்யாணத்துக்குப் போடும் வெள்ளை அங்கிக்கு, டக்லிக்கு, நாடா தைத்துக்கொண்டிருந்தேன். அவன் நெற்றி பளபளத்தது. கை கட்டிலுக்கு வெளியே தொங்கி, விரல்கள் துழாவின. நாய் வழக்கமாக வரும் பக்கம் அது. சர்க்கரைத் தண்ணீர் தலைமாட்டிலேயே இருந்தது.

டிக்கி எழுந்தது. கட்டில்வரை போயிற்று. ஒரு காலைத் தூக்கிற்று. தூக்கியபடியே திரும்பி என்னைப் பார்த்தது.

நான் சுவரைப் பார்த்தேன்.

காலைக் கீழே வைத்தது. போய்ப் பாயில் படுத்தது. நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தேன். பதாசா டப்பா அந்தப் பக்கம் இருந்தது. அவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. போனேன். உடனே கொடுக்க வேண்டும், சாகேப். இல்லாவிட்டால் பாவம், குழம்பிவிடும்.