ஆத்துப் பின்னாடியே போன ஒச்சம்மா

ரயிலும் ரோடும் வராத காலம். மலையடிவாரத்துல ஆலங்கரைப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துக்கு அவதான் மூத்தவ. ஊர்ப்பெரியவரு சங்கிலி அம்பலத்துக்கு மருமக. புருசன் பேரு மொக்கையன்.

ஒரு ஐப்பசியில ஆறு புரண்டு வந்துச்சாம். ஒச்சம்மா தண்ணி எடுக்கப் போனா. குடம் கையை விட்டு நழுவிருச்சு. பித்தளைக் குடம், பொறந்த வீட்டுச் சீரு. விடுவாளா? குடம் மெதக்குது, இவ கரையோரமா ஓடுறா. குடம் மெதக்குது, இவ ஓடுறா. கீழூருப் பக்கம் ஒரு நாணல் பொதர்ல குடம் சிக்கிக்கிருச்சு. எடுத்துட்டா.

எடுத்தவ திரும்ப வேண்டியதுதான? திரும்பல. நிமிந்து பாத்தாளாம். ஆறு வளைஞ்சு அங்கிட்டுப் போகுது. அங்க ஒரு பொம்பள துணி தொவைச்சுக்கிட்டு இருந்தா. அவளக் கேட்டா:

"இந்தத் தண்ணி எங்கக்கா போகுது?"

"கடலுக்கு."

"நீங்க பாத்திருக்கீகளா?"

"யாரு பாத்தா? சொல்லுவாக."

சின்னப்பிள்ளையில இருந்து யாரைக் கேட்டாலும் இவளுக்கு இதே பதில்தான். குடத்தை அந்தப் பொம்பள கையில குடுத்து, "ஆலங்கரைப்பட்டி அம்பலம் வீட்டுல சேத்துருங்கக்கா"ன்னு சொல்லிட்டு நடந்துட்டாளாம். அந்த வளைவுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு பாத்துட்டுத் திரும்பிரலாம்னுதான் நடந்தா. போய்ப் பாத்தா இன்னொரு வளைவு இருந்துச்சு.

குடம் வீடு வந்து சேந்துச்சு. ஒச்சம்மா வரல.

போற வழியெல்லாம் களை எடுத்தா, நெல்லு குத்துனா, குடுத்த கஞ்சியக் குடிச்சா, நடந்தா. "யாரும்மா நீ, எங்க போற?"ம்பாக. "ஆறு போற எடத்துக்கு"ம்பா. சிரிச்சாகளாம். சிரிச்சுக்கிட்டே சோறும் போட்டாகளாம்.

பங்குனி வெயில்ல திரும்பி வந்தா. கறுத்து, மெலிஞ்சு, ஆளே வேற. ஊரு எல்லையில ஒரு பாறை இருக்கு. அங்கயே மறிச்சுட்டாக. மாமனாரு முன்னால வந்தாராம். மெதுவாத்தான் பேசுனாராம்.

"ஆத்தா, குடத்தைக் குடுத்துட்டுத் திரும்புறப்ப வெள்ளம் இழுத்துருச்சுன்னு சொல்லு. சாமி கரை சேத்துச்சுன்னு சொல்லு. ஊரே உன்னையக் கையெடுத்துக் கும்பிடும். உள்ள வந்துரு."

"வெள்ளம் இழுக்கல மாமா. நான்தான் நடந்து போனேன். பாக்கணும் போல இருந்துச்சு, போனேன்."

"அப்ப எல்லைக்குள்ள காலை வைக்காத."

"சரி மாமா"ன்னு அந்தப் பாறையிலயே உக்காந்துட்டாளாம். அழுதாள்னு யாரும் சொல்லல.

பொழுது சாய மொக்கையன் கஞ்சி கொண்டாந்தான். அவ குடிச்சு முடிச்சா. அப்புறம் கேட்டான்:

"என்னைய நெனைச்சியா?"

"நெனைச்சேன். ஆனா திரும்பணும்னு தோணல. கடலப் பாத்தப்புறந்தான் தோணுச்சு."

அவன் கலயத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். மறுநாளும் கஞ்சி கொண்டாந்தான்.

ஆடு மேய்க்கப் போன பொம்பளைக பாறைகிட்ட நின்னாக. வெறகுக்குப் போனவக நின்னாக. உப்பை மலை மாதிரி குமிச்சு வச்சிருக்கிற ஊரைச் சொன்னா. வாயில நூலக் கடிச்சுக்கிட்டு வலை பின்னுற கெழவனைச் சொன்னா. ஊருக்குள்ள அதே பேச்சாப் போச்சு.

ஒருநாக் காலையில மாமனாரே தனியா வந்தாராம். அவரு மலையடிவாரத்தைத் தாண்டி ஒரு எட்டு வச்சவரு இல்ல. கம்பை ஊனி நின்னாரு. வெரட்ட வந்தாரோ என்னமோ, வாயில வந்தது வேற.

"அந்தக் கடலுக்கு அக்கரையே இல்லன்னு சொன்னியாமுல்ல?"

"இல்லதான் மாமா. படகுக்காரவுகளக் கேட்டேன். அவுக போன மட்டும் தண்ணிதானாம்."

"நம்ம ஆறு அங்க போயி என்னதான் செய்யுது?"

"போகுது மாமா. ஆனா சில நேரம் கடலு தள்ளுது. அப்ப ஆறு திரும்பி மேக்க பாக்க வருது. நான் காலை வச்சு நின்னு பாத்தேன். கொஞ்ச நேரம் வந்துட்டு, பெறகு மறுபடி போகுது."

"ஆறு திரும்பியா வருது?"

"வருது மாமா."

பெரியவரு பாறையில உக்காந்துட்டாராம். ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்தாராம். வெயில் ஏறுச்சு. எந்திரிச்சுத் துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு.

"வீட்டுக்கு வா. மிச்சத்தை அங்க வந்து சொல்லு."

அம்புட்டுத்தான் அவ கதை. அந்தப் பாறைக்குச் சொல்லுபாறைன்னு பேரு. இப்ப பஸ்சும் அங்கதான் நிக்குது. டவுனுக்குப் போயிட்டு வந்தாலும் சரி, சிங்கப்பூருக்குப் போயிட்டு வந்தாலும் சரி, எங்க ஊருக்காரன் அதுல உக்காந்து, பாத்ததுல ஒண்ணைச் சொல்லிட்டுத்தான் ஊருக்குள்ள போகணும். என்னத்தப் பாத்தன்னு கேப்பாக. ஏன் போனன்னு கேக்க மாட்டாக.