அஞ்சு மாடித் தூக்குகுண்டு

அந்தக் கத்திரிக்கோலை மட்டும் கொஞ்சம் கீழ இறக்குங்க சார். வெட்டுங்க, வேணாங்கல. உங்க கதவுல வந்து டொக்கு டொக்குன்னு இடிச்ச, நுனியில ஆணி கட்டின நூலு என்னோடதுதான், ஒத்துக்கறேன். ஆனா முப்பது வருஷம் நீதிபதியா இருந்தவரு நீங்க. சாட்சியைப் பார்க்காம தீர்ப்பு சொல்லிடுவீங்களா? சாட்சி கீழ இருக்கு, கிரவுண்ட் ஃப்ளோர்ல. அஞ்சே நிமிஷம். பார்த்துட்டு உங்க கையாலயே வெட்டிடுங்க, நானே பிடிச்சுக் குடுக்கறேன்.

லிஃப்ட் ஓடல சார். படியிலயே போவோம், நூலும் படிக்கட்டு நடுவுலதானே இறங்குது. கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. சுவர் ஓரமா வேணாம், இப்படி வாங்க.

இதுவா? தூக்குகுண்டு சார். சுவர் நேரா நிக்குதான்னு பார்க்கக் கொத்தனார் தொங்கவிடுவாரே, அதேதான். அவரு ரெண்டு முழம் விடுவாரு, நான் அஞ்சு மாடி விட்டிருக்கேன். ஆமா, வேலைவெட்டி இல்லாதவன் பண்ற வேலைதான். என் வீட்டுக்காரியும் இதே வார்த்தையைத்தான் சொல்றா.

இதோ இதான் நம்ம வீடு, நாலாவது மாடி. பூட்டியிருக்கா? அவ பிள்ளையைக் கூட்டிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. காலையிலதான். சண்டையெல்லாம் இல்ல சார். நடங்க.

நான் முன்ன இயற்பியல் ஆராய்ச்சியில இருந்தவன். பதினோரு வருஷம் ஒரு சுரங்கத்துக்குள்ள உக்காந்து ஒரே ஒரு துகளுக்காகக் காத்திருந்தேன். வரல. வரும்னு சொன்ன பேராசிரியர் ரிட்டயர் ஆகிட்டாரு, துகள் வரல. அப்புறம்தான் சாஃப்ட்வேருக்கு வந்தேன். இங்க காத்திருக்கவே வேணாம், எழுதி முடிச்ச அடுத்த நிமிஷம் தப்பு தானா வந்து நிக்கும். ஆனா அளக்கற புத்தி மட்டும் போகல சார், என்ன பண்றது? குளியலறைக் குழாய் சொட்டுச்சு. சொட்டுக்கும் சொட்டுக்கும் எவ்ளோ இடைவெளின்னு ஒரு புரோகிராம் எழுதி ஒன்பது வாரம் கணக்கெடுத்தேன். வீட்டுக்காரி பிளம்பரைக் கூப்பிட்டு வாஷர் மாத்திட்டா. மூணு நாள் அவகூடப் பேசல. அப்புறம் கேமரா வெச்சு சாக்ஸுக்கு ஜோடி தேடற மெஷின் ஒண்ணு செஞ்சேன். அது ஒத்தை சாக்ஸு ஒண்ணுக்கு எங்க வீட்டுப் பூனையை ஜோடின்னு சொல்லிச்சு. அதுவும் தொண்ணூறு சதவீதம் நிச்சயமா.

சிரிங்க சார், பரவால்ல. சிரிச்சுக்கிட்டே இறங்குங்க.

என்னது தலையில? ஒண்ணுமில்ல, சுண்ணாம்புத் தூள். கீழ போய்த் தட்டிக்கலாம்.

தையக்காரம்மா வீடு ஏன் திறந்து கிடக்குன்னா கேக்கறீங்க? ஃபேன் வேற ஓடுதா? மறந்திருப்பாங்க. நீங்க உள்ள போய் நிறுத்த வேணாம் சார், வாங்க வாங்க. போன மாசத்து வில்லங்கமே அவங்களாலதான வந்துச்சு. கட்டடம் ஆடுதுன்னு என் புரோகிராம் எல்லார் போனுக்கும் மெசேஜ் அனுப்பிச்சே, ஞாபகம் இருக்கா? மறப்பீங்களா. ஷாம்பு நுரையோட, இடுப்புல துண்டோட ஓடிவந்து தெருவுல நின்னீங்க. கடைசில பார்த்தா அந்தம்மாவோட வாஷிங் மெஷின் ஆடியிருக்கு. அன்னிக்குத்தான சொன்னீங்க, இனிமே இவன் பேச்சைக் கேட்டு ஒரு படி இறங்கமாட்டேன்னு. நியாயம்தான். உங்க இடத்துல நான் இருந்தாலும் அதான் சொல்லியிருப்பேன்.

இன்னும் பன்னெண்டு படிதான். மூச்சு வாங்குதா? நின்னு இளைப்பாற வேணாம் சார், மெதுவா நடந்துக்கிட்டே இருப்போம். என் தோளைப் பிடிச்சுக்கோங்க. அப்படித்தான்.

இதோ பாருங்க, குண்டு. அதுக்குக் கீழ கட்டம் போட்ட தாள், பக்கத்துல கேமரா. முதல் நாள் குண்டு அந்தச் சிவப்புப் புள்ளி மேல நின்னுச்சு. எட்டு மாசம் அங்கயேதான் நின்னுச்சு. இப்ப எங்க நிக்குது? ஆமா, மூணு விரற்கடை தள்ளி. இல்ல சார், நான் தள்ளி வைக்கல. வெளிய வெளிச்சத்துக்கு வாங்க, சொல்றேன். கேட்டைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம்.

ம். இங்க நிக்கலாம்.

இவங்கல்லாம் நம்ம கட்டடத்து ஆளுங்கதான் சார். நாப்பத்தோரு பேரு. பக்கத்து மனையில பள்ளம் தோண்டறாங்கல்ல, அதுல நம்ம அஸ்திவாரம் இறங்கிடுச்சு. நேத்து வரைக்கும் புள்ளியில நின்ன குண்டு, இன்னிக்குக் காலையில நகர ஆரம்பிச்சுது. நகராட்சி இன்ஜினியர் வந்து பார்த்துட்டு எல்லாரையும் உடனே வெளிய வரச் சொல்லிட்டாரு. நான் ஏழு தடவை உங்க பெல்லை அடிச்சேன், திறக்கல. அவரே வந்து தட்டினாரு, நான் கூட்டிட்டு வந்த நாடகக்காரன்னு உள்ளேருந்தே திட்டினீங்க. கடைக்குப் போன உங்க வீட்டம்மா இப்பதான் வந்தாங்க. அதோ ஆட்டோ பக்கத்துல நிக்கறாங்களே. அவங்கதான் வழி சொன்னாங்க, ஆபத்துன்னு சொன்னா அசையமாட்டாரு, ஆத்திரம் வந்தா தானா எழுந்து வருவாருன்னு. குண்டு நூலோட மேல மிச்சமிருந்த நுனியில ஆணியைக் கட்டி உங்க கதவுல இடிக்கவிட்டது நான் வேணும்னே பண்ணதுதான் சார்.

அந்தக் கத்திரிக்கோலை இப்படிக் குடுங்க சார். நூலை வெட்ட இனி யாரும் உள்ள போக வேணாம். என் தோளை விடாம பிடிச்சுக்கோங்க, வீட்டம்மாகிட்ட போவோம்.