ஐஸ் பாளத்தில் நின்ற அரசன்

என் பெயர் மயில்சாமி, தகப்பனார் பெயர் தங்கசாமி, வயது 34. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு போர்வெல் லாரி வைத்துத் தொழில் செய்துவருகிறேன். கந்தப்பன் என் தங்கை கமலவேணியின் கணவர். அவரை நான் ஐஸில் நிற்கவைத்துக் கொல்லப் பார்த்ததாக அவர் தாயார் பாப்பாயி கொடுத்த புகாருக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகி இதைச் சொல்கிறேன்.

சென்ற 1983 தை மாதம் தங்கை மகனுக்குக் காது குத்தியபோது, நான் கொண்டுபோன தாய்மாமன் சீரைப் பார்த்து, இது சீரா, சந்தையில் விற்காமல் மிஞ்சியதா என்று கந்தப்பன் பந்தியில் கேட்டார். தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு அழைத்துப் போகட்டும் என்றேன். பெண் எடுத்தவன் மச்சானிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை என்று அவர் சொல்லியனுப்பினார்.

அதன் பிறகு ஊர்ப் படிப்பக ஆண்டு விழாவுக்குச் சரித்திர ஆசிரியர் பாலசுந்தரம் ஒரு நாடகம் எழுதினார். பழங்காலத்தில் ஐரோப்பாவில் போப்பாண்டவரை எதிர்த்த ஓர் அரசன் மதத்தை விட்டே விலக்கப்பட்டு, கோட்டை வாசலில் மூன்று நாள் வெறுங்காலோடு பனியில் நின்று மன்னிப்பு வாங்கிய கதை அது. அரசன் வேடம் என்றதும் கந்தப்பன் ஒப்புக்கொண்டார்; கதையை அவர் கேட்கவில்லை. போப்பாண்டவர் வேடத்தை நான் கேட்டு வாங்கினேன் என்பது உண்மையே.

ஒத்திகையில் எல்லோரும் சிரித்தார்கள். "பனியில நிக்கறது ஒரு தண்டனைங்களா? மார்கழில நாங்க தண்ணி கட்டறது வெயில்லயா?" என்று ஒத்திகை பார்க்க வந்திருந்த விவசாயி பச்சமுத்து கேட்டார். அந்த ஊரில் பனி என்றால் ஐஸ் என்று ஆசிரியர் விளக்கினார். அதன் பேரில் நான் சேலத்திலிருந்து ஐஸ் பாளம் வாங்கி, உமி போட்டு மூடி, என் லாரியிலேயே கொண்டுவந்தேன். சரித்திரம் சரியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

அதன் பிறகு நாடகத்தன்று கந்தப்பன் கிரீடத்தோடு பாளத்தில் ஏறி நின்று மன்னிப்புக் கேட்டார். 'மன்னித்தோம்' என்று நான் உடனே சொல்ல வேண்டும். எனக்கு வசனம் மறந்துவிட்டது. ஞாபகம் வருவதற்காக மலைக்கோயிலில் கேட்ட பதிகம் ஒன்றை முழுதும் பாடினேன். போப்பாண்டவர் பதிகம் பாட மாட்டார் என்று ஆசிரியர் திரைக்குப் பின்னால் கத்தியது என் காதில் விழவில்லை. அதன் பிறகு சீர்த் தட்டுகளில் என்னென்ன இருந்தன என்பதைச் சபையோருக்கு எடுத்துச் சொன்னேன். கந்தப்பன் பல் கிட்டி நடுங்கினாரே தவிர இறங்கவில்லை. அவரை யாரும் கட்டிவைக்கவில்லை. அப்போது அவர், "சீரு நல்லாத்தானுங்க மச்சான் இருந்துச்சு. கமலவேணிய அனுப்பி வைங்க" என்றார். காதுகுத்துக்குப் பிறகு அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான்.

அதன் பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து தங்கை குழந்தையோடு மேடை ஏறி, தன் செருப்பைக் கழற்றிப் பாளத்தின் அருகே போட்டு, அவரை இறங்கச் சொன்னாள். என்னைப் பார்த்து, "உன்ற மன்னிப்ப நீயே வெச்சுக்கண்ணா. அவுரு நின்னது எனக்கோசரம்" என்றாள். நாடகம் முடிந்தது என்று நினைத்துச் சனங்கள் கைதட்டினார்கள்.

அவர் கால் மரத்துப்போனதால் என் லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போப்பாண்டவர் அங்கியோடு நான்தான் ஓட்டினேன். தங்கை அங்கிருந்தே அவர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எழுதியதை ஏட்டய்யா வாசிக்கக் கேட்டேன். வசனம் மறந்துவிட்டது என்ற வரி தவிர மற்றதெல்லாம் நிஜம். அந்த வரியை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) த. மயில்சாமி